ஒரு புரதச்சத்து இல்லை

நான் எழுதிய ஒரு சொல்லால் ஒரு மனிதரின் மிளகாய்த் தோட்டம் அழுகியது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு கணினி, ஒரு போட்டோ கொப்பி மெஷின், இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். அங்கே உப்புக் காற்றில் ஸ்டேப்ளர் கம்பிகூடத் துருப்பிடித்துவிடும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விசா விண்ணப்பம் எல்லாம் செய்வேன். நிறுவனங்களின் மும்மொழிப் பிரசுரங்களும் வரும். அவற்றில் தமிழுக்கு எப்போதும் கடைசி இடம். ஆங்கிலத்தை மாதக்கணக்கில் இருந்து எழுதுவார்கள். சிங்களத்துக்கு இரண்டு கிழமை கொடுப்பார்கள். தமிழை மட்டும் "நாளைக்குக் காலையில் அச்சுக்குப் போகவேண்டும்" என்று பின்னேரம் அனுப்புவார்கள். நான் அனுப்பும் தமிழை அங்கே யாரும் வாசிப்பதில்லை. எழுத்துகள் பக்கத்தில் விட்டிருக்கும் பெட்டிக்குள் அடங்குகின்றனவா என்று மட்டும் பார்ப்பார்கள். இந்த எரிச்சலோடுதான் இத்தனை வருடம் வேலை செய்கிறேன். எரிச்சல் நியாயமானது. ஆனால் நியாயமான எரிச்சல் இருந்தால் பிழை வராது என்று நான் நினைத்திருந்தேன். அதுதான் மடத்தனம்.

அந்தத் தோட்டக்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சேர்ட், கையில் ஒரு கறுப்பு சொப்பிங் பேக். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தமிழ் மிஸ் நீங்கதானா?"

"ஓம். என்ன வேலை?"

"வேலை ஒண்டும் இல்ல. கற்பிட்டியிலிருந்து வாரேன். விதை தந்த கம்பனிக் கந்தோருக்கு போன் எடுத்தா ஒருத்தருக்கும் தமிழ் விளங்கல்ல. கடைசியில ஒருத்தர் உங்கட நம்பரத் தந்தார். தமிழெல்லாம் இவங்கதான் எண்டு."

முதல் நாளே கொழும்புக்கு வந்து மாளிகாவத்தையில் தங்கை வீட்டில் படுத்துவிட்டு, விசாரித்து விசாரித்து என்னிடம் வந்திருக்கிறார். சேர்ட் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு துண்டுப்பிரசுரத்தை எடுத்து என் மேசையில் விரித்தார். பொலித்தீன் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு விவசாய நிறுவனத்துக்காக நான் செய்தது. புதிய மிளகாய் விதையைச் சில தோட்டக்காரர்களிடம் கொடுத்துப் பயிரிட்டுப் பார்க்கிறார்கள். விதைப் பைக்கற்றோடு அந்தக் கடதாசியையும் கொடுத்திருக்கிறார்கள்.

"இது நீங்க எழுதினதா?"

"நான் எழுதேல்லை. மொழிபெயர்த்தனான்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி. நான் வாசிச்சது உங்கட எழுத்து."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொப்பிங் பேக்கைக் கவிழ்த்தார். மேசையில் மிளகாய்ச் செடியின் ஒரு கிளை விழுந்தது. இலைகள் கரும்பச்சையாக, தடித்து, கொழுத்திருந்தன. அப்படி ஒரு பச்சையை நான் சந்தையில்கூடக் கண்டதில்லை. ஆனால் அதில் தொங்கிய காய்களில் குழி விழுந்திருந்தது. வட்டத்துக்குள் வட்டமாகக் கறுப்பு. ஒரு காயைத் தொட்டேன், விரல் உள்ளே போனது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"பத்துப் பாத்தி போட்டேன். நாலு இப்பிடி. மிச்சம் ஆறுல அங்கொண்டு இங்கொண்டு தொடங்கிட்டுது. மச்சானிட்டச் சொல்லிட்டு வந்திரிக்கிறேன், புதன்கிழம காலைல மண்வெட்டியோட வா, எல்லாத்தயும் பிடுங்கிருவோம் எண்டு. எனக்கு ஒரு பதில்தான் வேணும். அந்த ஆறப் பிடுங்கிறதா, விடுறதா?"

"அதை என்னட்டக் கேட்டா?"

"உங்கட நோட்டீஸ்ல இரிக்கிறபடிதான் நான் செஞ்சேன்."

"என்ன செய்தீங்க?"

அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். நகம் வெடித்த, மண் ஏறிய விரல். வரி இதுதான்: 'இவ்வினத்தில் ஒரு புரதச்சத்து இல்லை. ஆகையால் வெண்தூள் நோய் இதைப் பிடிப்பது அரிது.'

"சத்து இல்ல எண்டு போட்டிரிக்கி. புள்ளைக்குப் புரதச்சத்து இல்லண்டா கிளினிக்ல முட்ட குடுக்கச் சொல்றாங்க. செடிக்கு முட்டயா குடுக்க ஏலும்? உரக்கடையில கேட்டேன். புரதச்சத்துக்கு யூரியாதான் நானா, கூட்டிப் போடுங்க எண்டான். போட்டேன். வழமையா போடுறதப் போல ரெண்டு மடங்கு." நானா என்று அவர்கள் அண்ணனைத்தான் சொல்வார்கள்.

"இரண்டாவது வசனத்தை வாசிக்கேல்லையா? நோய் பிடிக்காது எண்டு இருக்கே."

"வாசிச்சேன். சத்தில்லாத செடிய நோய் ஏன் பிடிக்காது? எனக்கு அது விளங்கல்ல. கடதாசியில பிழ போல எண்டு விட்டுட்டேன்." பிறகு தானாகவே சொன்னார்: "ஆனா ஒண்டு. வெள்ளத் தூள் ஒரு இலையில கூட இல்ல. அதுல உங்கட நோட்டீஸ் பொய் சொல்லல்ல."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் யோசித்த மனிதர், ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கக்கூடாதா என்று. கேட்டிருந்தால் தமிழில் பதில் சொல்ல அங்கே ஆளில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டேன். பிழை என் பக்கம் வருவது தெரிந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

கணினியைத் திறந்து மூலத்தைத் தேடி எடுத்தேன். ஆங்கிலத்தில் புரதம் என்ற சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் இருந்தது. நோய் பிடிக்க இடம் கொடுக்கிற, என்று பொருள் வரும் சொல். நோய் பிடிக்க இடம் கொடுக்கிற புரதம் இந்த இனத்தில் இல்லை, ஆகவே நோய் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அந்தச் சொல்லை நான் விட்டிருந்தேன். தவறுதலாக அல்ல. அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செடி தன் நோய்க்குத் தானே எப்படி இடம் கொடுக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்க நேரமில்லை. பெட்டியும் சின்னது. அதனால் விட்டேன்.

மற்றது அந்தச் 'சத்து'. ஆங்கிலத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தாய் சேய் கிளினிக்குகளுக்கு வருடக்கணக்காகச் சுவரொட்டி மொழிபெயர்த்திருக்கிறேன். தொடக்கத்திலேயே அங்கே ஒருவர் சொன்னார், புரதம் என்று போட்டால் சனத்துக்கு விளங்காது, புரதச்சத்து என்று போடுங்கள் என்று. அன்றிலிருந்து என் கை அப்படியே அடிக்கிறது. பருப்பு, முட்டை, நெத்தலி, புரதச்சத்து. மிளகாய்ச் செடிக்கும் அதையே அடித்திருக்கிறது. சிங்களத்தில் ஆங்கிலச் சொல்லையே எழுதியிருந்தார்கள், அதனால் அங்கே ஒருவரும் யூரியா மூட்டையைத் தூக்கவில்லை. தமிழில் வாசித்தவர் மட்டும் தூக்கினார்.

"என்ன மிஸ், பிழையா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

முன்னறையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அந்த நிறுவனத்தின் பரிசோதனைக்கூடம் ஹெந்தளையில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. புறக்கோட்டையில் பஸ் மாறவேண்டும். அவர் சொப்பிங் பேக்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கொண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கருவாடா என்று சிங்களத்தில் கேட்டான். மிளகாய் என்று இவர் தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சொன்னார். மிளகாய் இப்படி நாறாது ஐயா, என்றான் அவன். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். கொச்சிக்கடைத் தேவாலயத்தடியில் செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வந்த சனம் வீதி முழுக்க நிறைந்திருந்தது. பஸ் நகரவில்லை. கொட்டாஞ்சேனையில் என் வீடு அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். இறங்கி வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன். அவர் பக்கத்தில் இருந்து, "உங்களுக்கு இண்டைக்கு வேல கெட்டுட்டுது" என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரிசோதனைக்கூடத்தில் ஒரு சிங்களப் பெண் இருந்தார். ஆராய்ச்சி செய்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். கிளையை வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காயை வெட்டிப் பார்த்தார். பிறகு இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டேன்.

அவர் சொன்னது இது. வெண்தூள் நோயைக் கொண்டுவரும் பங்கசு, அதாவது பூஞ்சணம், உயிருள்ள செடியில்தான் வாழும். அதன் வித்து இலையில் விழுந்து, முளைத்து, இலையின் தோலைத் துளைக்கப் பார்க்கும். செடி சும்மா இருக்காது, துளைக்கிற இடத்தில் உள்ளிருந்து சுவரைத் தடிப்பாக்கும். ஆனால் தோலின் கலங்களில், அதாவது செல்களில், ஒரு புரதம் இருக்கிறது. அது செடியின் சொந்தப் புரதம். எடுத்ததற்கெல்லாம் செடி கதிகலங்கி எதிர்ப்புக் காட்டாமல் அடக்கி வைப்பது அதன் வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறார்கள். முழுக்க ஒருவருக்கும் தெரியாது. அந்தப் புரதம் இருக்கிற செடியில் பங்கசு நுழைந்துவிடுகிறது. இந்த இனத்தில் அது பழுதாகிப் போயிருக்கிறது. ஆகவே சுவர் நேரத்துக்கு எழும்புகிறது. பங்கசு வெளியிலேயே காய்ந்துபோகிறது.

"அப்ப சத்து குறைஞ்ச செடி இல்ல" என்றார் கற்பிட்டிக்காரர்.

"இல்லை நானா. வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் கதவைத் திறந்து விடுறவன் இருந்தான். இந்தச் செடியில அவன் இல்லை."

"அவனத்தான் நான் யூரியா போட்டு வளக்கப் பாத்தேனா?"

"அவனை வளக்க ஏலாது. இலையைத்தான் வளத்தீங்க."

அதைச் சிங்களத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். யூரியா கூடியதால் இலை மென்மையாகி, அடர்ந்து, காற்றுப் போக வழியில்லாமல் போய்விட்டது. காய் அழுகும் நோய்க்கு அதுதான் வேண்டும். அது வேறு பங்கசு. செத்த சதையைத் தின்று வளர்வது. அதற்கு அந்தக் கதவு தேவையில்லை. அதோடு இன்னொன்றையும் சொன்னார். அந்தப் புரதம் இல்லாத செடிகளைச் செத்த சதை தின்னும் சில பங்கசுகள் கொஞ்சம் இலகுவாகப் பிடிப்பதை வேறு பயிர்களில் கண்டிருக்கிறார்களாம். மிளகாயில் இன்னும் பார்க்கவில்லை.

"அதை ஏன் அந்தக் கடதாசியில் போடவில்லை?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"ஒரு பக்கம்தான் தந்தார்கள்" என்றார்.

ஒரு பக்கம். எனக்குப் பெட்டி சின்னது, அவருக்குப் பக்கம் ஒன்று. இரண்டு பேரும் ஒரே சாக்குப்போக்கைத்தான் வைத்திருந்தோம்.

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி என்னிடம் மட்டும் பேசினார். கெட்ட மனசோடு பேசவில்லை. பாவம் அந்த மனிதர், என்றார். போன மாதம் அந்தப் பக்கம் மழையும் கூடுதல், மழையால் அழுகியது என்று சொல்லிவிடுங்கள். யூரியாக் கதையைச் சொன்னால் தன் கையாலேயே கெடுத்தேன் என்று நோவார். உங்கள் சொல்லும் வெளியே வரும். எதற்கு?

நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அது பொய்யுமல்ல. மழை பெய்ததுதான். அதைத் தமிழில் சொல்ல ஒரு வசனம் போதும். சொல்லிவிட்டு அவரை மாளிகாவத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம்.

கற்பிட்டிக்காரர் இடையில் புகுந்தார். "வெஸ்ஸ, மழ எண்டது எனக்கு விளங்கிச்சு. மழயாலதான் எண்டு சொல்றாங்களா?" அவருடைய முகம் இளகியது. "மழ எண்டா அல்லாஹ்ட காரியம். நாம என்ன செய்ய. அப்ப மச்சான் பிடுங்கிறது சரிதான். மழைக்கு நிக்காத விதை எனக்கு வேணாம்."

"பிடுங்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"மழையும்தான். ஆனா மழை மட்டும் இல்லை. இவதான் மழை எண்டு உங்களிட்டச் சொல்லச் சொன்னவ. யூரியாக் கதையைச் சொல்ல வேண்டாமாம், நீங்கள் மனம் நோவீங்களாம். நான் சொல்லுறன். யூரியாதான் கூடக் காரணம். யூரியா போட்டது என்ர சொல்லால. கடதாசியில சத்து எண்டு போட்டது பிழை. ஒரு சொல்லை நான் விளங்காமல் விட்டனான். விதை பிழையில்லை. யூரியாவை நிறுத்தினா அந்த ஆறு பாத்தியும் தப்ப இடமிருக்கு."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தே விளங்கிக்கொண்டார். மேசையிலிருந்த கத்தியைத் துடைக்கத் தொடங்கினார்.

கற்பிட்டிக்காரர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் சேர்ட் பையைத் தடவிப் போனை எடுத்தார். மச்சானுக்கு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தார். "நாளைக்குத்தானே வாரான். ஏன் எடுக்கானில்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குள் அந்தப் பெண் செய்யவேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். யூரியா ஒரு கைப்பிடிகூடப் போடக்கூடாது. புள்ளி விழுந்த காயை எல்லாம் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே புதைக்கவேண்டும். கீழ்க்கிளைகளை நறுக்கிக் காற்றுக்கு வழிவிடவேண்டும். பின்னேரத்தில் மேலால் தண்ணீர் தெளிக்கக்கூடாது. நான் அதை என் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும் முன் வாசித்துக்காட்டி, என்ன விளங்கியது என்று கேட்டேன். அவர் திருப்பிச் சொன்னார். சரியாகவே சொன்னார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் மச்சான் போனை எடுத்தார். போனில் சத்தம் கூடுதல், எனக்கும் கேட்டது.

"எங்கடா இரிக்கிறாய்?"

"தோட்டத்துலதான். நாளைக்கு எனக்கு வேற வேல வந்திட்டுது. இண்டைக்கே தொடங்கிட்டேன்."

"எது? அழுகின நாலா?"

"அது காலைலயே முடிஞ்சி. இப்ப அடுத்தது. மூணு முடிச்சாச்சு. நல்ல பச்சயா இரிக்கி மச்சான், பிடுங்க மனம் வருதில்ல."

"மனம் வரல்லண்டா ஏண்டா பிடுங்கினாய்."

"நீதானே சொன்னாய்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்து, திரும்பக் காதில் வைத்தார். "நிப்பாட்டு. மண்வெட்டியக் கீழ போடு. மூணு பாத்தி மிச்சம், அதத் தொடாத" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, ஏதோ கணக்குச் சரிபார்ப்பவர்போல, "மூணு இரிக்கி" என்றார். புறக்கோட்டையில் இறங்கும்போது, "நீங்க சொல்லாம விட்டிரிக்கலாம்" என்றார். அது நன்றியா, குற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த கிழமை நிறுவனத்தின் கந்தோருக்குப் போனேன். அடுத்த போகத்துக்கான பிரசுரங்கள் ஏற்கெனவே அச்சடித்து வந்து கட்டுக்கட்டாக இருந்தன. அதே வரி. பொறுப்பானவரிடம் பிழையைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். அடுத்த பதிப்பில் திருத்துவோம் என்றார். பிழையை விளக்கி ஒரு வசனம் சேர்க்கவேண்டும் என்றேன். மூன்று மொழியும் ஒன்றாக இருக்கவேண்டும், ஆங்கிலத்தில் இல்லாததைத் தமிழில் சேர்க்க முடியாது என்றார். ஆங்கிலத்தில் இருந்த சொல்லைத் தமிழில் விட்டபோது மட்டும் மூன்று மொழியும் ஒன்றாக இருந்ததாக்கும். தமிழ்க் கட்டுகளைத் தாருங்கள், நான் திருத்தித் தருகிறேன் என்றேன். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. எப்படியும் தமிழை யார் பார்க்கப்போகிறார்கள்.

கட்டுகளை முச்சக்கரவண்டியில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். 'ச்சத்து' என்பதைக் கறுப்புப் பேனையால் வெட்டி மேலே ஒரு 'ம்' போட்டால் 'ஒரு புரதம் இல்லை' என்று வரும். முன்னால் 'நோய்க்கு இடம் கொடுக்கும்' என்று சின்ன எழுத்தில் எழுதலாம். முதல் பத்துத் தாள்களை அப்படித்தான் செய்தேன். பிறகு சந்தேகம் வந்து கற்பிட்டிக்குப் போன் எடுத்து அவருக்கு வாசித்துக்காட்டினேன்.

"இப்ப விளங்குதா நானா?"

"எனக்கு விளங்குது. எனக்கு நீங்க சொல்லித் தந்தீங்க. புதுசா வாசிக்கிறவனுக்குப் புரதம் எண்டாலும் பருப்புத்தான் ஞாபகம் வரும்."

"அப்ப என்ன எழுத?"

"யூரியா கூட்டிப் போட வேணாம் எண்டு போடுங்க. வேற என்ன. அதுதானே விஷயம்."

புறக்கோட்டைக்குப் போய் ஒரு ரப்பர் சீல் செய்வித்தேன். 'இது சத்துக் குறைபாடு அல்ல. யூரியாவைக் கூட்டிப் போட வேண்டாம்.' ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு வசனங்கள். ஒவ்வொரு தாளிலும் அந்த வரிக்குக் கீழே அடித்தேன். கடற்காற்றுக்கு மை காய நேரமெடுத்தது. தாள்களைத் தரை முழுக்கப் பரப்பி, கதிரை, போட்டோ கொப்பி மெஷின், எல்லாவற்றின் மேலும் வைத்தேன். விசாவுக்கு வந்த ஒரு பெடியன் வாசலில் நின்றபடியே, "அன்ரி, எலெக்‌ஷனா?" என்று கேட்டான்.

வேலையில் இருக்கும் என் கோபம் குறைந்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம். இப்போதும் பின்னேரம் அனுப்பிக் காலையில் கேட்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். விளங்காத சொல் வந்தால் விடுவதில்லை, போன் எடுத்து விளங்கும்வரை கேட்கிறேன். இரண்டு இடங்களில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

போக முடிவில் கற்பிட்டிக்காரர் போன் எடுத்தார். தங்கை வீட்டுக்கு வந்திருந்தாராம். நான் முதலில் கேட்டது பாத்திகளைப் பற்றித்தான்.

"ரெண்டு நல்லாக் காச்சிது" என்றார். "ஒண்டு அழுகிட்டுது. நீங்க எழுதித் தந்ததெல்லாம் செஞ்சேன். ஒரு கைப்பிடி போடல்ல. எண்டாலும் அழுகிட்டுது."

காரணம் கேட்க நான் வாயெடுக்கும் முன் அவரே கேட்டார்.

"முந்திப் போட்ட யூரியாவா, மழயா, இல்லாட்டி அந்த ஹெந்தள மிஸ் சொன்ன மாதிரி இந்தச் செடிட குணமா? எது தங்கச்சி?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்த மிஸ்ஸிடம் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்லுவா என்றேன்.

"சரி" என்றார். "தெரியாது எண்டத உங்கட நோட்டீஸ்ல எங்க போடுவீங்க?"

அந்தக் கேள்வியோடு அவர் வைத்துவிட்டார். அடுத்த கட்டுப் பிரசுரங்கள் இப்போது என் மேசையில் இருக்கின்றன. இந்த முறை 'ச்சத்து' இல்லை, திருத்தித்தான் அச்சடித்திருக்கிறார்கள். பெட்டி மட்டும் அதே அளவு. பேனையை எடுத்து ஓரத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்: 'காய் அழுகலுக்கு இந்த இனம் எப்படி நிற்கும் என்று இன்னும் தெரியாது.' ஒவ்வொரு தாளிலும் கையால்தான் எழுதவேண்டும். சீல் செய்ய நேரமில்லை, வெள்ளிக்கிழமை விதை போகிறது.